ஒற்றை நட்சத்திரம் விழும்போது

எங்கள் கடைச் சுவரில் ஊராட்சி மன்றம் கொடுத்த 'ஏ' தர அட்டை தொங்குகிறது. அதை வாங்குவது சுலபமில்லை. பணியாளர் எல்லாரும் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போய் வந்திருக்க வேண்டும். கடை அசுத்தமாக இருந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்கீழ் 14 நாள் வரை கடையை மூட உத்தரவிடலாம். இத்தனையையும் தாண்டி வாங்கிய அட்டையை வாடிக்கையாளர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கைப்பேசியில் பார்த்துவிட்டு வருவது வேறொரு மதிப்பெண். அது ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பது.

கிள்ளானில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். அப்பாவிடமிருந்து கைக்கு வந்த கடை. அவர் காலத்தில் ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் சாப்பிட்டவர் கல்லாவுக்கே வந்து சொல்வார். இப்போது "சாப்பாடு எப்படிண்ணே?" என்று கேட்டால், "ஓகே பாஸ்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையான பதில் இரவு பத்து மணிக்கு வருகிறது, ஒற்றை நட்சத்திரமாக.

அந்த நட்சத்திரத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 40 பேர் எழுதி, சராசரி 4.5 உள்ள கடை ஒன்று. ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 4.3க்கு இறங்கிவிடும். 400 பேர் எழுதிய கடையில் அதே மூன்று பேர் போட்டாலும் 4.5 அசையாது. அடி வாங்குவது சின்னக் கடையும் புதுக் கடையும்தான். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, சியாட்டல் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது என்றார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பெயரும் விளம்பரமும் இல்லாத எங்களைத்தான் நட்சத்திரம் தூக்குகிறது, இறக்குகிறது.

எல்லா விமர்சனமும் ஒரே வகை இல்லை. "ஒன்றரை மணிக்கு மேல் போனால் கூட்டு ஆறிவிடுகிறது" என்று ஒருவர் எழுதினார். அது எனக்குக் காசு வாங்காமல் சொன்ன ஆலோசனை. அன்றிலிருந்து கூட்டையும் பொரியலையும் இரண்டு தடவையாகச் சமைக்கிறோம்.

இன்னொரு வகை, விலையைப் பற்றியது. "சாப்பாடு விலை ஏறிப்போச்சு, கொள்ளை" என்பார்கள். கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு நின்றன. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. தேங்காய் விலையை வீட்டில் சமைப்பவர்களிடம் கேட்டாலே போதும். இதையெல்லாம் நான் கோபமில்லாமல் இரண்டு வரியில் பதிலாக எழுதிவிடுவேன். படிப்பவர் புரிந்துகொள்வார்.

மூன்றாவது வகைதான் தூக்கத்தைக் கெடுப்பது. எங்கள் கடையில் பரிமாறும் அம்மா ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவர்; அப்பா காலத்திலேயே எங்களோடு சேர்ந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ அவரைப் படம் எடுத்துப் போட்டு, "இந்தக் கிழவியை வீட்டுக்கு அனுப்புங்கள், நடந்து வருவதற்குள் பசியே போய்விடும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்றாம் படிவம் படிக்கும் பேரன் பார்த்து, வாசித்துக் காட்டிவிட்டான்.

மறுநாள் காலையில் ஏப்ரனை மடித்துக் கல்லா மேல் வைத்தார். "என்னால கடைக்குக் கெட்ட பேரு வேணாம் தம்பி. நான் நின்னுக்கிறேன்" என்றார். கண் கலங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. உறவுக்காரர் ஒருவர், "நல்லதா போச்சு, ஓர் இளம் ஆளை எடுத்துக்கோ" என்றும் சொன்னார்.

நான் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தேன். அந்த மேசை காத்திருந்தது 12 நிமிடம். கூட்டம் நெரிந்த நேரம். அந்த நேரத்தில் அம்மா ஏழு மேசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். பதிவை அவருக்கும் காட்டினேன். "மெதுவா போனது நீங்க இல்லம்மா, வேலைதான் அதிகம்" என்றேன். ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பிறகு பதில் எழுதினேன்: "காத்திருக்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம். ஞாயிறு மதியத்திற்கு இன்னும் ஓர் ஆளைச் சேர்த்திருக்கிறோம். எங்கள் பணியாளரின் வயது உங்கள் குறைக்குக் காரணமில்லை. அடுத்த முறை கல்லாவில் எங்களிடம் சொல்லுங்கள்." படத்தையும் வசையையும் பற்றித் தனியாகப் புகார் கொடுத்தேன். கெட்ட விமர்சனம் என்பதற்காகக் கூகுள் எதையும் நீக்காது. தனிமனிதரைத் தாக்குவது, சாப்பிடாமலே எழுதுவது, போட்டிக் கடைக்காரர் எழுதுவது போன்றவை அதன் விதிகளை மீறுபவை. அவற்றைப் பற்றிப் புகார் செய்யலாம். அந்தப் பதிவு சில நாளில் போய்விட்டது.

தொழிலில் இறங்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று சொல். இரவில் படித்ததற்கு இரவிலேயே பதில் எழுதாதீர்கள். நாலு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீங்கள் எழுதுவது திட்டியவருக்கு இல்லை, அடுத்து வரப்போகிறவருக்கு. காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்காதீர்கள். விற்றவனே ஒருநாள் ஒற்றை நட்சத்திரத்தோடு வந்து நிற்பான்.

சாப்பிட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறை இருந்தால் தாராளமாக எழுதுங்கள். எந்தப் பதார்த்தம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதினால் எங்களால் திருத்த முடியும். ஆளைப் படம் எடுத்துப் போடாதீர்கள்; அவர் வீட்டிலும் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயிறு நிறைந்து எழுந்த நாளிலும் ஒரு வரி எழுதுங்கள். அதை நான் மதியம் கடை அடங்கியபின் சமையற்கட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பவர் ஒரு நிமிடம் கை நிறுத்திக் கேட்பார்.