காற்று எங்கே போகிறது?

திருவனந்தபுரம் தம்பானூரில் டர்போவின் விசிலைக் கேட்க ஸ்போர்ட்ஸ் கார் வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நாகர்கோவில் பஸ் ஆட்களை அடைத்துக்கொண்டு வெளியே திரும்பி, டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் உறுமலுக்கு மேலே மெல்லிய சீழ்க்கை ஒன்று ஏறும். சைலன்சர் வழியாக வீணாகப் போக வேண்டிய சூட்டுக்காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பியூகி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. பஸ்ஸில் அது பாரம் இழுக்க, ஸ்போர்ட்ஸ் காரில் பறக்க.

பறக்க இடம் வேண்டுமே. ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு தம்பானூரில் குடியிருப்பது ஒருவகைத் தவம். ஓவர்பிரிட்ஜிலிருந்து அரிஸ்டோ ஜங்ஷன் வரை ஆட்டோக்களுக்கு நடுவே இரண்டாவது கியரைத் தாண்ட முடியாது. அந்த ஓட்டத்தில் டர்போவுக்கு வேலையே இல்லை. அதனால் அதன் நோயும் வெளியே தெரிவதில்லை.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். ஊர் நாகர்கோவில், வேலை டெக்னோபார்க்கில், ஆசைப்பட்டு வாங்கியது சிவப்பு நிற இரண்டு கதவு கார். ஊருக்குள் பூனைபோல் ஓடும். கழக்கூட்டம் பைபாஸில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால், ஒரு நொடி இழுத்துவிட்டு அப்படியே சோர்ந்துபோகும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துப் போட்டால் பழைய வேகம் திரும்பிவிடும், அடுத்த மிதிவரை. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் அவரை ஆசானிடம் அழைத்துப்போனேன். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், பஸ் எஞ்சின்களில் கை பழகி, பிறகு கார்களுக்கு வந்தவர். பானெட்டைத் திறக்கும் முன்பே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. எஞ்சின் சூடானபிறகா, குளிர்ந்திருக்கும்போதா? ஏற்றத்திலா, சமதரையிலா? சத்தம் ஏதும் மாறியதா?

“மிதிக்கும்போது புஸ்ஸுன்னு ஒண்ணு கேக்கும் ஆசானே.”

“மக்களே, டர்போ அங்கயே கிடக்கட்டு. காத்து எங்க போவுதுன்னு முதல்ல பாப்போம்.”

ஸ்கேனரில் வந்திருந்தது பி0299. கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாய் கிழிந்திருக்கலாம், சூட்டுக்காற்றில் கொஞ்சத்தைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் முழுசாக மூடாமல் இருக்கலாம், அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பொய் சொல்லலாம். டர்போ இந்த வரிசையில் எங்கோ கடைசியில் வருகிறது. விலைப்பட்டியலில் மட்டும் முதலிடம்.

சென்சாரைச் சோதிக்க ஆசான் செய்தது எனக்குப் பிடித்தது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, இன்டேக் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தார். ஏறக்குறைய 1,010 மில்லிபார். கடலோர ஊரில் காற்றின் அழுத்தம் அவ்வளவுதான். சென்சார் உண்மை பேசுகிறது. இதே காரைப் பொன்முடி உச்சிக்குக் கொண்டுபோனால், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டரில், அது 900-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதில் பலர் தடுக்கி விழுவதுண்டு. ஸ்கேனரில் 1,900 என்று பார்த்ததும் 1.9 பார் பூஸ்ட் என்று பெருமைப்படுவார்கள். வெளிக்காற்றின் பங்கைக் கழித்தால் டர்போ சேர்த்தது 0.9 பார்தான்.

பிறகு பைபாஸுக்குப் போனோம். நண்பர் ஓட்ட, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆசான் பக்கத்தில் (ஓட்டுகிறவரே திரையையும் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்). மூன்றாவது கியர், குறைந்த சுற்றிலிருந்து முழு மிதி. மூன்று கோடுகளைத்தான் ஆசான் பார்த்தார். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், வேஸ்ட்கேட்டை மூடிப்பிடிக்கும் வால்வுக்குப் போகும் கட்டளை. கேட்டது 1,900, கிடைத்தது 1,500-ஐ ஒட்டி. கட்டளையோ 95 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இந்த மூன்றாவது கோட்டைப் பார்க்காமல் டர்போவைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் முடிவு. கட்டளை குறைவாக இருந்தால் கம்ப்யூட்டரே பூஸ்டைக் குறைத்துக் கேட்கிறது என்று பொருள். மட்டமான பெட்ரோலில் எஞ்சின் தட்டலாம், உள்ளே போகும் காற்று கொதிக்கலாம். கட்டளை உச்சத்தில் இருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால் கோளாறு இரும்பிலோ ரப்பரிலோ இருக்கிறது.

எஞ்சின் தானே பூஸ்டை அடக்கிக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. எஞ்சின் தட்டாமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தொட்டியில் ஊற்றிவைக்க வேண்டும். தொட்டி காலியானால் ஒரு வால்வு பூஸ்டைத் தடுத்துவிடும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று திட்டினார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றிப் போட்டார்கள். குற்றம் காலித் தொட்டியில், தண்டனை டர்போவுக்கு. அறுபது வருஷம் கழித்தும் அதே வழக்கம்.

திரும்பி வந்ததும் குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. நண்பர் முகம் வாடியது. ஆசான் அசரவில்லை. புகைமெஷினின் அழுத்தம் மிகக் குறைவு; சில கிழிசல்கள் பலமாக ஊதினால்தான் வாய்திறக்கும். ஏர் ஃபில்டர் குழாயை எடுத்துவிட்டு, அந்த வாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை மெல்ல ஏற்றினார். அதற்கு முன் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் நகரக்கூடாது. இறக்கைகளில் உரசிய தழும்பு இல்லை. வழுவழுப்பாகக் கொஞ்சம் ஆயில் இருந்தது, அது எல்லா டர்போவிலும் இருப்பது. அழுத்தம் ஏற ஏற, சோப்புத் தண்ணீர் தெளித்த குழாய்களில் ஒன்று நுரைத்தது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க்குழாய், கிளாம்புக்குச் சற்று மேலே, தரையைப் பார்த்த பக்கம். அழுத்தத்தை இறக்கினால் கிழிசல் மூடிக்கொள்ளும். சுற்றிலும் ஆயிலும் புழுதியும் ஒட்டிய கறுப்புத் திட்டு. கண்ணுள்ளவன் கீழே குனிந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

தம்பானூரில் இன்டர்கூலர் படும் பாடு தனி. தாழ்ந்த இடம், பலத்த மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று கால்வாய்களைத் தோண்டித் துப்புரவு செய்ததே இதனால்தான். முன்பக்கம் தாழ்வாக இருக்கும் இன்டர்கூலருக்குத்தான் அந்தச் சேற்றின் முதல் மரியாதை. அடுத்த எதிரி எலி. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்னக் குழாயை அது கடித்தால் விளைவு காருக்குக் கார் தலைகீழாகும். அழுத்தத்தால் திறக்கும் வேஸ்ட்கேட் திறக்காமல் பூஸ்ட் எகிறும். வெற்றிடத்தால் மூடும் வேஸ்ட்கேட் மூடாமல் பூஸ்டே வராது.

டர்போ சாவதே இல்லை என்று சொல்லவில்லை. சிறிய டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நீலப்புகையைப் பார்ப்பார்கள், அப்போது மாற்றத்தான் வேண்டும். நண்பருக்குத் தேவைப்பட்டது ஒரு ரப்பர் குழாயும் ஒரு கிளாம்பும்.

டர்போ மாற்றச் சொல்லி உங்களுக்கும் எஸ்டிமேட் வந்தால், கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் வால்வின் கட்டளையும் ஒரே பதிவில் இருக்கிறதா, காற்றழுத்தம் ஏற்றிக் குழாய்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.