எண்ணும் பெருமையும்

ஒருவருடைய அறிவின் பெருமையை எண்ணிக்கையால் அளந்துவிடலாம் என்று கருதுவோர் இக்காலத்தில் பல்கிவிட்டனர். விஞ்ஞானிகளுக்குள்ளும் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. ஒருவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்? பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர்? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் அவர் மதிப்பு தெரிந்துவிட்டதாம்! 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வழியையும் வகுத்துத் தந்தார். குறைந்தது இருபது முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு இருபது இருந்தால் அவருடைய எண் இருபது.

இரசாயனம் பயிலும் இளைஞர் ஒருவர், விஞ்ஞானிகளின் வரலாற்றில் நமக்குள்ள ஈடுபாட்டை அறிந்து, அண்மையில் நம்மைக் காண வந்தார். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்த அவர், பெயர்களும் எண்களும் நிறைந்த தாளொன்றை நம்முன் வைத்து, "ஐயா, பெரிய எண் உடையவரிடம் போவதுதானே முறை?" என்று வினவினார். பெற்றோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமும், வாலிபத்தின் சில ஆண்டுகளும் அவ்வினாவில் அடங்கியிருந்தன. ஆதலால் அதை எளிதாகத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. அவருக்கு நாம் கூறியதை நேயர்களுக்கும் கூறுகின்றோம்.

கொள்கைவழி இரசாயனம் ஆராய்வோருக்குக் குடுவையும் அடுப்பும் வேண்டுவதில்லை; கணக்கே அவர்தம் கருவி. மூலக்கூறு ஒன்றில் எலக்ட்ரான்கள் நிலைகொள்ளும் விதத்தைக் கணித்து, அதன் குணத்தை அவர்கள் முன்கூட்டியே உரைக்க முயல்வர். தண்ணீர் மூலக்கூறில் எலக்ட்ரான்கள் 10. ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்க மூன்று அளவுகள் வேண்டும். ஆகவே 30 அளவுகளை ஒருசேரக் கொண்டு கணக்கிடல் வேண்டும். மூலக்கூறு பெரிதானால் கணக்கு மனிதர் கையை மீறிவிடும். 1964-இல் ஹோஹன்பெர்க், கோன் என்னும் இருவர், எலக்ட்ரான்கள் எவ்விடத்தில் எவ்வளவு செறிந்துள்ளன என்று அறிந்தாலே போதும் என்று நிறுவினர். அச்செறிவுக்கு மூன்றே அளவுகள் போதும். மறு ஆண்டே கோனும் ஷாமும் கணக்கிடும் முறையை வகுத்தனர். ஆயினும் கணக்கின் ஒரு பகுதி தோராயமாகவே நின்றது.

1988-இல் லீ, யாங், பார் என்னும் மூவர் அப்பகுதிக்கு ஒரு சூத்திரம் தந்தனர். ஐந்தே பக்கக் கட்டுரை! பெக்கே என்பார் 1993-இல் வெளியிட்ட கட்டுரையோடு இணைந்து, அச்சூத்திரம் கணினிகளில் ஏறிற்று. உலகெங்கும் இரசாயன ஆராய்ச்சியாளர் அதை எடுத்தாண்டனர். 2014-இல் 'நேச்சர்' இதழ் மிகுதியாக மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைத் தொகுத்தபோது, மூவர் கட்டுரை 46,000-க்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் ஏழாம் இடத்தில் நின்றது. டி.என்.ஏ.யின் வடிவத்தை உணர்த்திய வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கோ அந்த நூற்றுள் இடமே இல்லை.

அப்படியாயின் மூவர் கட்டுரை அதனினும் உயர்ந்ததா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. கருவியைக் கையாள்வோர் ஒவ்வொரு முறையும் அதைச் செய்தவர் பெயரைக் குறிப்பர். பாடநூலில் ஏறி எல்லார்க்கும் பொதுவாகிவிட்ட உண்மையையோ பெயர் சொல்லாமலே வழங்குவர். மேலும், அம்மூவர் தம் சூத்திரத்தை 1975-இல் கொல்லே, சால்வெட்டி என்னும் இருவர் கண்டதிலிருந்தே வளர்த்தனர்; கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் பெயரைப் பொறித்தனர். அவ்விருவரையும் எத்தனை பேர் நினைக்கின்றனர்? 1998-இல் நோபல் பரிசு கோனுக்கும் பாப்பிள் என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பார் அப்பரிசைப் பெறாமலே 2017-இல் மறைந்தார். எண் ஒரு வழி சென்றது. பரிசு மற்றொரு வழி சென்றது.

இதற்கு மறுதலையாக லார்ஸ் ஒன்சாகரைப் பாருங்கள். 1931-இல் அவர் இரண்டு கட்டுரைகள் எழுதினார். வெப்ப ஓட்டம், மின்னோட்டம் போன்றவை ஒன்றையொன்று தாக்கும் முறைக்கு ஒரு பொது விதியை அவற்றில் காட்டினார். நெடுங்காலம் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவார் இல்லை. அவ்விதிக்காகவே 1968-இல் நோபல் பரிசு வந்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் எண்ணை மட்டும் நோக்கியிருப்போர் அவரைத் தள்ளியிருப்பரன்றோ?

எண்ணைத் தூக்கி எறிக என்று நாம் கூறவில்லை. 46,000 கட்டுரைகளில் எடுத்தாளப்பட்ட சூத்திரம் 46,000 இடங்களில் ஓர் உழைப்பாளிக்குக் கை கொடுத்திருக்கின்றது. அது சிறு தொண்டன்று. ஆனால் தோட்டத்தில் வாளிப் பாலை நிறுத்ததோடு கணக்கு முடிவதில்லை. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்க்கின்றனர். பாலுக்குள்ள அந்நீதி அறிவுக்கு இல்லையா? தம்மையே தாம் மேற்கோள் காட்டியும், நண்பர்க்கு நண்பர் மேற்கோளைக் கடன் கொடுத்தும் எண்ணைப் பெருக்குவோரும் உளர்.

ஆகவே, ஆசிரியரைத் தேடும் நம் பிள்ளைகள் முதலில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையேனும் படிக்கட்டும். எந்த வினாவுக்கு அவர் விடை தேடுகிறார் என்று அறியட்டும். அவரிடம் முன்பு பயின்றோர் தம் காலில் நிற்கின்றனரா என்று விசாரிக்கட்டும். எண்ணை இறுதியில் பார்க்கலாம். பிறர் எண்ணி வைத்ததை நம்பி வாழ்நாளை ஒப்படைப்பது, ஆராயாமல் நம்பும் பழைய பழக்கத்துக்குப் புதிய பெயர் சூட்டுவதேயாகும்.