டோனாவூர் அம்மா

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



ஆண்டு மலர் என்றாலே காந்தி, காமராசர், அன்னை தெரசா என்று எழுதுவது நம் வழக்கம். இந்த முறை கொஞ்சம் மாறுதலாக, எங்கள் போடிப் பக்கம் அதிகம் பேர் கேள்விப்படாத ஓர் அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பெயர் ஏமி கார்மைக்கேல். அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவன் ஹாஸ்டல் அறைத்தோழன். அவனுக்குக் களக்காட்டுப் பக்கம். "எங்க ஊர்ல தப்பான எடத்துல ஒரு குழி தோண்டிட்டாங்கடா. அதனால ஒரு அம்மா இருபது வருஷம் படுத்த படுக்கை" என்றான். சிவில் படிக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா? லைப்ரரியில் தேடிப் படித்தேன். குழிக்குப் பிறகு வருகிறேன்.

1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர் ஏமி. பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தபோது, மில் வேலைக்குப் போகும் பெண்களோடு பழக ஆரம்பித்தார். அந்தப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதி கிடையாது. சால்வையையே முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள். தொப்பி இல்லாமல் சர்ச்சுக்கு வருவதா என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். ஏமி அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண்களுக்கென்றே ஐந்நூறு பேர் உட்காரும் இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்றை எழுப்பிவிட்டார். அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க ஊர்ப் பெண்கள்தான் கண்ணில் நின்றார்கள். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். மழைக்குத் தலையில் கொங்காணி. எங்க அம்மாவும் அதில் ஒருத்தி. ஏலக்காய் மணத்தைப் பற்றிக் கவிதை எழுத நிறையப் பேர் உண்டு. ஜீப் போன பிறகு வீட்டில் கிடக்கும் கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்று எழுதத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான், பார்த்துக்கொண்டது அக்கா. எட்டாம் வகுப்போடு நின்றாள். இன்றைக்கு ஒரு குடோனில் காய் தரம் பிரிக்கிறாள்.

ஏமி 1895-இல் பெங்களூர் வந்து, அடுத்த ஆண்டு இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். தமிழ் படித்தார், சேலை கட்டினார். தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தேவதாசி ஆக்குவதற்காகத் தன்னை வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் ஓடி வந்தாள். ப்ரீனா என்பது அவள் பெயர். அந்த ஆண்டே ஏமி டோனாவூருக்குக் குடிவந்தார். (டோனாவூர் என்ற பெயரைப் பார்த்து நான் தலையைச் சொறிந்தேன். மிஷனரி ரேனியஸுக்குப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயராம்.) ஒன்று பத்தாகி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் நூறைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிறவர் என்ற பழியும் வந்தது, வழக்குகளும் வந்தன.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஊர் ஊராகப் போய்ப் பேசுவதை விட்டுவிட்டு வெறும் ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. பேச்சுக்குக் கூட்டம் கூடும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டால் யார் பார்க்கிறார்கள்? கடைசியில் தம் ஆண்டவரே சீடர்களின் காலைக் கழுவியவர்தானே என்று முடிவுக்கு வந்து, கால் கழுவுவதையே ஊழியமாக எடுத்துக்கொண்டார்.

லீவுக்குப் போனபோது இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அதெல்லாஞ் சரிடா, அத்தன பச்சப்புள்ளைக்கும் பாலு ஏது? யாரு ஆத்திக் குடுத்தா?"

அங்கேதான் பொன்னம்மாள் வருகிறார். சிறு வயதில் கணவரை இழந்தவர். ஏமியோடு ஊர் சுற்றிய கூட்டத்தில் ஒருவர். கைக்குழந்தைகள் நோயில் இறக்கத் தொடங்கியதும், மிஷன் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அன்றைய திருவிதாங்கூரிலிருந்த நெய்யூரில் அவர்களுக்கு ஒரு வீடு ஏற்பாடானது. அதன் முழுப் பொறுப்பும் பொன்னம்மாளுக்கு. பால், மருந்து, இரவுக் காவல், கணக்கு எல்லாம் அவர் தலையில். 1915-இல் புற்றுநோயில் இறந்தார். அவர் வாழ்க்கையை ஏமி தனி நூலாகவே எழுதினார். இருந்தும் டோனாவூர் என்றால் ஏமி பெயர்தான் வருகிறது. அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் ஒப்பவில்லை. நம் மக்களின் வழிபாட்டைப் பற்றி ஏமி எழுதிய சில பக்கங்கள் கசக்கின்றன. இருட்டைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லையோ என்று தோன்றும். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர் நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டம் வந்தது 1947-இல். அதற்காக, சட்டத்துக்கு 46 வருஷம் முன்பே கதவைத் திறந்து வைத்தவரைக் குறைத்துச் சொல்லவும் முடியாது.

இத்தனைக்கும் அவருக்குச் சபையில் குருப்பட்டம் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே பெண்ணுக்கு அதைக் கொடுப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயரானது 2013-இல்தான், நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மையார். ஆனால் டோனாவூரில் ஆண் டாக்டர்களும் ஏமி சொல் கேட்டுத்தான் வேலை செய்தார்கள்.

சரி, குழி. 1931 அக்டோபர் 24. மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் ஒரு வீடு தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனவர், இருட்டும் நேரத்தில், கழிவறைக்கென்று இருக்கக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. கயிறு கட்டவில்லை, விளக்கு வைக்கவில்லை. நாம் சைட்டில் அலட்சியமாக விடுகிற அதே வேலைதான், நண்பர்களே! அதன் பிறகு அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. அறையில் கிடந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

1951 ஜனவரி 18-இல் இறந்தார். கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.