நாத்து நட நாலு வருஷமா?

மன்னார்குடியில ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறுங்க. திருச்சி, கரூர், ஈரோடு எல்லாம் தூக்கத்திலேயே போயிடும். விடியறதுக்குள்ள கோவை! காந்திபுரம் போய் மருதமலை பஸ் பிடிச்சா, லாலி ரோடு தாண்டினதும் கண்டக்டரே 'அக்ரி யுனிவர்சிட்டி எல்லாம் இறங்கு'ன்னு குரல் கொடுப்பார். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் அதுதான்னு ப்ளஸ் டூ வரைக்கும் எனக்கே தெரியாது பாஸ்!

ஏன்னா, எங்க வீட்டில் விவசாயம்ங்கிறது படிக்கிற விஷயம் இல்லை. தப்பிச்சு ஓடுற விஷயம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தா குறுவை. திறக்கலைன்னா தீபாவளிக்குப் புது டிரஸ் கிடையாது. 'இந்தச் சேறு என்னோட போகட்டும். நீயாவது ஃபேனுக்கு அடியில உட்காருடா' என்பார் அப்பா. உங்க வீட்டிலும் இதே டயலாக் ஓடியிருக்குமே?

பி.எஸ்ஸி. அக்ரி சீட் கிடைச்சப்போ அவர் கேட்டது ஒரே கேள்வி. 'நாத்து நட நாலு வருஷம் படிக்கணுமா?'

பதில் தெரியாமலேயே வந்து சேர்ந்தேன். வாங்க, கேம்பஸை ஒரு ரவுண்ட் அடிப்போம். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியா ஆரம்பிச்சு, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகம் ஆன இடம் இது. அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பாருங்க. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் படிச்சது இந்தக் கல்லூரியில்தான். 1943 வங்காளப் பஞ்சம்தான் அவரை விவசாயப் படிப்புப் பக்கம் திருப்பியது. பிறகு ஐ.பி.எஸ். கிடைச்சும் அதை விட்டுட்டு ஆராய்ச்சிக்குப் போனவர். 2024-ல் பாரத ரத்னா!

பக்கத்திலேயே 1912-ல் தொடங்கின கரும்பு ஆராய்ச்சி நிலையம். கரும்பையும் காட்டுப் புல் வகை ஒன்றையும் கலந்து 'கோ 205' உருவாக்கி, வட இந்திய வயல்களுக்கு அனுப்பினது இங்கிருந்துதான். 'கோ'ன்னா கோயமுத்தூர். நெல்லிலும் அப்படித்தான்... கோ 51, ஆடுதுறை 43, அம்பை 16. அப்பா விதைக்கடையில் கேட்டு வாங்கின பேரெல்லாம் ஊர்ப் பேர்னு எனக்கு இங்கே வந்துதான் உறைச்சுது.

அப்புறம் வயல். ஆமாங்க, நம்ம கிளாஸ் ரூம்! உழவு முதல் அறுப்பு வரை நாமே செய்யணும். நாற்றுக்கு 'மாசத்துக்கு ஒரு வாரம்' என்பது கணக்கு. அதாவது, மூணு மாசப் பயிர்னா மூணு வார நாற்று. பரீட்சையில் அழகா எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா, அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் என் நாற்றங்காலை மறந்துட்டேன். முப்பது நாள் தாண்டிடுச்சு.

அந்த வாரம் பார்த்துத்தானா அப்பா வரணும்? வரப்பில் நின்றவர், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார். 'முத்திப் போச்சுடா. இதை நட்டா தூர் கட்டாது.'

பத்தாவது தாண்டாத அப்பா, புரொஃபசர் சொன்னதையே சொல்றார்! மானம் போச்சு. மத்தவங்க பயிர் கொத்துக் கொத்தா தூர் வெடிக்க, என் பாத்தி மட்டும் சொட்டையா நின்னுது. ஊருக்குக் கிளம்பும்போது அப்பா சொன்னார்: 'படிச்சது தப்பில்ல... பார்க்காம விட்டதுதான் தப்பு.'

உண்மையைச் சொல்லிடறேன். அக்ரி படிச்ச எல்லாரும் ஏர் பிடிக்கப் போறதில்லை. என் செட்டில் பேங்க்கில் வேளாண் அதிகாரி ஆனவங்க உண்டு. விதைக் கம்பெனிக்குப் போனவங்க, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி.ன்னு புத்தகத்தோட உட்கார்ந்தவங்களும் உண்டு. சொந்த வயலுக்குத் திரும்பினவங்களை ஒரு கையில் எண்ணிடலாம். மழையும் தண்ணியும் விலையும் நம்ம கையில் இல்லைன்னு தெரிஞ்சவங்க பயப்படறதில் தப்பும் இல்லை. ஆக, 'கிராமத்துப் பையன்'ங்கிற பெருமைக்காக மட்டும் இந்தப் படிப்புக்கு வராதீங்க. சேத்தில் இறங்கப் பிடிக்குமா, ஒரு செடி ஏன் வாடுதுன்னு தெரியாம தூக்கம் வராதா... அப்படின்னா வாங்க.

நான்? வேளாண் அலுவலர் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே அப்பாவோட வயலைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலை. ஆனா, போன மாசம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து இன்னொரு கேள்வி கேட்டார்.

'இந்தக் குறுவைக்கு என்ன ரகம் போடலாம், சொல்லு?'

நாலு வருஷம் போதலையோன்னு அப்போதான் தோணுச்சு!