காற்றைக் கட்டிவைக்கும் பட்டறை

சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல்லுக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் பட்டுத் தறி, மறுபக்கம் லேத். ஜிகணி, பொம்மசந்திரா, அத்திபெலே என்று பெரிய தொழிற்பேட்டைகள் இந்தத் தாலுகாவிலேயே இருப்பதால், இரும்பு கடையத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவற்றில் ஒரு ஜோடி, ஷிஃப்டு வேலையை விட்டுவிட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏர் ரைபிள் சர்வீஸ் செய்துகொண்டிருக்கிறது. பட்டறைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். தமிழில் திட்டுவார், கன்னடத்தில் விலை பேசுவார், தெலுங்கில் போன் எடுப்பார். உதவிக்கு இரண்டு பையன்கள்.

வாடிக்கையாளர் துப்பாக்கியை நீட்டியதும் அவர் பார்க்கும் முதல் இடம் முகமல்ல, குழலின் வாய். வாங்கும் வேகத்திலேயே அது மணல் நிரப்பிய மரப்பெட்டிப் பக்கம் திரும்பிவிடுகிறது. விரல் டிரிக்கருக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீண்டிருக்கிறது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, டார்ச் அடித்துச் சேம்பரைப் பார்க்கிறார். பிறகு புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நிற நைலான் இழையைப் பின்பக்கமிருந்து செருகி, முன்பக்கம் எட்டிப் பார்க்கும்வரை தள்ளுகிறார். இழை இரண்டு முனையிலும் தெரிந்தால் குழலில் குண்டு இல்லை. போட்டி மைதானங்களில் ‘சேஃப்டி ஃபிளாக்’ என்று கேட்பதும் இதைத்தான்.

“காலின்னு சொல்லித்தான் சார் எல்லாரும் கொண்டு வராங்க. அதனாலதான் பாக்குறேன்” என்கிறார்.

குண்டு இல்லை என்றால் காற்று இல்லை என்று பொருளல்ல. பம்ப் அடித்து மூலையில் சாய்த்து வைத்த ரைபிளில் அழுத்தம் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது.

அன்றைக்கு மேசையில் இருந்தவை மூன்று வகை. முதலாவது, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குவது. இந்திய வீடுகளில் ‘ஏர்கன்’ என்றால் பெரும்பாலும் இதுதான். குண்டு போடும்வரை மடக்கிய குழலை மறுகை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவி, பூட்டும் வழுக்கினால் குழல் விசையோடு திரும்பிவந்து மூடும். நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். குண்டில்லாமல் சுடுவதும் இதற்கு ஆகாது. எதிர்க்கக் காற்றழுத்தம் இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதி, சீல் நசுங்குகிறது.

இரண்டாவது, அடிக்கட்டையையே நெம்புகோலாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் பலமுறை பம்ப் அடிப்பது. பல மாடல்களில் முறை இதுதான்: சேஃப்டியைப் போடு, போல்ட்டைத் திற, பம்ப் அடி, கடைசியில் குண்டை வைத்து மூடு. பம்ப் அடிக்கும் நேரமெல்லாம் சேம்பர் காலியாக இருக்கும் என்பதுதான் இந்த வரிசையின் லாபம். ஒவ்வொரு அடியும் முழுதாகத் திறந்து முழுதாக மூட வேண்டும். மூடும் இடத்தில் விரல் நுழையக் கூடாது. இத்தனை அடிக்குக் குறையாமல், இத்தனைக்கு மேல் போகாமல் என்று கையேட்டில் ஒரு கணக்கு இருக்கும். சில அமெரிக்க மாடல்களில் 3 முதல் 10. குறைந்தால் குண்டு பாதிக் குழலில் சிக்கும். அது தெரியாமல் அடுத்ததையும் உள்ளே தள்ளினால் இரண்டும் இறுகிக்கொள்ளும். கூடினால், உள்ளே நிற்கும் அழுத்தத்தை மீறித் துப்பாக்கியின் சுத்தியல் தட்டித் திறக்க முடியாமல் வால்வு பூட்டிக்கொள்ளும். “பத்து அடிச்சா இவ்வளவு வருதே, பதினஞ்சு அடிச்சா?” என்று கேட்டவர்களின் ரைபிள்கள்தான் இங்கே அதிகம் வருகின்றன.

மூன்றாவது வகை, முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டரில் ஓடுவது. இன்றைய போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த இனம். வழக்கமாக 200 பார்வரை நிரப்புவார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல்; சிஎன்ஜி ஆட்டோவின் தொட்டியில் நிற்பது இதே 200. அந்த அழுத்தம் முழங்கை நீளக் குழாய்க்குள் அடங்கி, சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலத் தூரத்தில் இருக்கிறது.

மூன்று கட்டமாக அழுத்தும் கைப் பம்பை மிதித்து நிறுத்தி ஒரு பையன் நிரப்பத் தொடங்கினான். முதல் இருபது அடி விளையாட்டுப் போல. 120 பாரைத் தாண்டியதும் உடம்பின் எடை முழுவதும் கைப்பிடியில் சாய வேண்டியிருந்தது. என்னிடம் கொடுத்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. சிறிது நேரத்துக்கொரு தடவை நிறுத்தி, பம்பின் அடியில் உள்ள திருகைத் திறந்து காற்றோடு ஈரத்தையும் வெளியேற்றுகிறார்கள். அழுத்தும்போது சூடு ஏறும், ஆறும்போது காற்றிலிருந்த ஈரம் துளியாகும். மழைக்கால ஆனேக்கல் காற்றில் அந்தத் துளிக்குக் குறைவில்லை. அது சிலிண்டருக்குள் போனால் உட்சுவர் துருப்பிடிக்கும்.

பம்ப் அடிக்கும் இந்தப் பாடு புதிதல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரார்தோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே எடுத்துச் சென்றது. அதன் பின்கட்டைதான் காற்றுக் குடுவை. ஒரு குடுவையை நிரப்பச் சுமார் 1,500 முறை பம்ப் அடிக்க வேண்டும். அந்தக் காலத் தோல் சீல்கள் கசிந்துகொண்டே இருந்ததும், பழுது பார்க்கத் தேர்ந்த ஆள் தேவைப்பட்டதும் அது படையிலிருந்து விலகிப்போன காரணங்களில் சேரும்.

இன்றைக்குத் தோலின் இடத்தில் ஓ-ரிங். பட்டறையின் உண்மையான தொழில் இந்தக் கறுப்பு வளையங்களைச் சுற்றித்தான். பட்டறைக்காரர் ஒரு பழைய வளையத்தை நகக்கண்ணில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் சதை பிய்ந்தது போல் சிறு வெட்டு. சாதாரண 70 ஷோர் கடினத்தில் போட்டால் அழுத்தம் ரப்பரை இடுக்குக்குள் பிதுக்கி இப்படி அறுத்துவிடும். அதனால் அதிக அழுத்தம் வரும் இடத்தில் 90 ஷோர். வளையம் உட்காரும் காடியின் ஆழத்தை மைக்ரோமீட்டரில் பார்க்கிறார், விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சால் வருடுகிறார். பஞ்சு இழை சிக்கினால் மறுபடியும் மெருகு. மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி, பிறகு ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மீட்டரைப் படிப்பார். நுரையில் தெரியாத கசிவு மீட்டரில் தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் காற்றை முழுதாக இறக்குவது அங்கே மாறாத சட்டம். அழுத்தத்தோடு திருகைக் கழற்றினால் திருகே குண்டாகும்.

எண்ணெய் விஷயத்தில் அவர் கோபக்காரர். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே என்று வீட்டில் கிடைத்ததை எல்லாம் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்று ஒரு கணத்தில் நெருக்கப்பட்டுச் சூடேறும்போது அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும். சத்தம் பெரிதாகும், புகை வரும், உரிமையாளர் ‘பவர் ஏறிவிட்டது’ என்று மகிழ்வார், சீல் கருகும். அழுத்தக் காற்று ஓடும் பாதையில் சிலிக்கோன் கிரீஸ் துளியளவு போதும். சிலிண்டரில் மருத்துவ ஆக்சிஜன் நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களும் உண்டாம். எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஆக்சிஜனும் சந்தித்தால் சிலிண்டரே சிதறும்.

குழலை அவர் அடிக்கடி துடைப்பதில்லை. குண்டின் ஈயம் மென்மையானது, குழலைத் தேய்க்காது. கம்பளிக் குண்டு இரண்டைப் பின்பக்கமிருந்து தள்ளினால் போதும். இரும்புத் தூரிகை கூடவே கூடாது. ஆனால் கையைக் கழுவாமல் டீ டம்ளரைத் தொட்ட பையன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். “தம்பி, ஈயத்தையும் சேர்த்தா குடிக்கிற?” தரையையும் இங்கே பெருக்குவதில்லை, ஈரத் துணியால் துடைக்கிறார்கள். பெருக்கினால் ஈயத்தூசி எழும்பும்.

போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் ரைபிள்கள் தனி அலமாரியில். பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றது இந்த இலக்கில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-லும் 2023-லும் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் எடுத்ததும் இதில்தான். காற்றின் அளவு குண்டுக்குக் குண்டு சற்று மாறினால்கூட அந்தப் புள்ளி தவறும். எனவே ரெகுலேட்டரைச் சரிசெய்த பின் வேகமானியில் வரிசையாகச் சுட்டுப் பார்க்கிறார்: 0.53 கிராம் குண்டு, நொடிக்கு 168 மீட்டர், கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழரை ஜூல். சிலிண்டரின் தேதியையும் குறித்துக்கொள்கிறார். பத்து ஆண்டைத் தாண்டிய சிலிண்டர் சர்வதேசப் போட்டிகளில் செல்லாது.

மாலையில் பன்னேர்கட்டா காட்டோரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஸ்பிரிங் துப்பாக்கியோடு வந்தார். மயில் பிஞ்சைக் கொத்துகிறதாம். வலுவான ஸ்பிரிங் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வேகமானியில் நொடிக்கு 240 மீட்டர் காட்டியது. அதாவது பதினைந்து ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் உள்ளவரைதான் உரிமம் வேண்டாம்.

“அண்ணா, இருபதைத் தாண்டுனா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ். மயில் மேல பட்டா அது தனி.”

அந்தத் தனி வழக்கு சிறியதல்ல. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. காக்கைக்கே இன்று அதே துப்பாக்கியை நீட்ட முடியாது. 2022-இல் திருத்திய சட்டம், தீங்கு விலங்குகள் என்ற பழைய பட்டியலையே நீக்கிவிட்டது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் அரசு தொடங்கிய இயக்கத்தில், பறவைகளைச் சுட்டுப் பழகிய கிராமத்தார் தாங்களாகவே ஏர்கன்களை ஒப்படைத்தார்கள்.

தோப்புக்காரர் கொஞ்ச நேரம் வாதாடினார். சீல் தேய்ந்திருப்பதால் அதை மட்டும் மாற்றலாம் என்று முடிவானது. விலையில் ஐம்பது ரூபாய் குறைந்தது. நைலான் இழை குழலில் இருக்க, துப்பாக்கிக்குச் சீட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் பட்டறைக்காரர். மரத்துக்குப் போடும் வலை ஓசூரில் எந்தக் கடையில் மலிவு என்று இருவரும் அதற்கடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.