நாக்குக்குத் தெரியாத உப்பு

பருப்பு வேகவில்லை என்றால் எங்கள் அம்மா மளிகைக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டார், தண்ணீரைத்தான் திட்டுவார். தொண்ணூறுகளில், அப்பா ஓசூர் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்வந்த காலத்தில், மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் குழாயில் வந்தது போர்த் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் போட்ட துவரம்பருப்பு, மணிக்கணக்காகக் கொதித்தாலும் விதை விதையாகவே நிற்கும். பக்கத்து வீட்டு அவ்வா திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்: "விளக்கெண்ணெய் விட்டாலும் அந்தத் தண்ணியில வேகாதும்மா. ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடு."

அதனால் வீட்டில் இரண்டு தண்ணீர் இருந்தது. துணிக்கும் பாத்திரத்துக்கும் உப்புத்தண்ணீர்; சோற்றுக்கும் குடிக்கவும் நல்லதண்ணீர். நல்லதண்ணீர் வேண்டுமென்றால் கால்நடைப் பண்ணைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1824-இல் தொடங்கிய பண்ணை அது. காலைப் பனியில் அதன் மரங்கள் பாதிதான் தெரியும். அம்மா இடுப்பில் குடத்தோடு முன்னே நடக்க, நான் தூக்குவாளியோடு பின்னால் ஓடுவேன். கிணற்றடியில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து கேட்கும். யார் வீட்டில் களி நன்றாக வந்தது, யார் தலையில் சீயக்காய் நுரைத்தது என்பதெல்லாம் அங்கே தண்ணீரைப் பற்றிய பேச்சுத்தான்.

உப்புத்தண்ணீர் வீடு முழுக்கத் தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டும். அப்பாவின் நீலச் சட்டை சில மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாக ஓடு கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பழைய புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துத் தேய்ப்பார். புளிப்புப் பட்டதும் அந்த ஓடு பொரிந்து இளகும்.

இதன் காரணம் பின்னால் படித்தபோது புரிந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. பாறை இடுக்குகளில் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைக்கிறது. கொதிக்க வைத்தால் அதில் ஒரு பகுதி சுண்ணாம்புப் படிவாகப் பிரிந்துவிடும். அண்டாவில் கண்டது அதைத்தான். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுவதால்தான் பருப்பு குழையவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லையென்றால் 600 வரை அனுமதி உண்டு. இந்தக் கடினத்தன்மை வேலையைக் கூட்டும், சோப்பைத் தின்னும். உடம்பைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

கெடுப்பது வேறொன்று. பள்ளியில் என்னோடு ஒரு பையன் படித்தான். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மத்திகிரிக்கு வந்த குடும்பம். அவன் முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள் இருந்தன. பல் தேய்க்காத பையன் என்று பெரியவர்கள் கண்டித்தார்கள். அவன் தினமும் அடுப்புக்கரியால் ஈறு கன்றும்வரை தேய்த்துவிட்டு வருவான். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். எத்தனை கரி தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அது பல்லின் மேல் படிந்ததே இல்லை. பால்பல் விழுமுன், ஈறுக்குள் பல் உருவாகும்போதே, குடித்த தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு எனாமலில் எழுதிவிட்டுப் போன கோடு அது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. நீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், 1.5-ஐத் தாண்டக்கூடாது. தாண்டிய நீரைப் பல ஆண்டு குடித்தால் பல்லோடு நிற்காது, முதுகையும் மூட்டையும் இறுக்கும். இதற்கு ருசி இல்லை, நிறம் இல்லை. பருப்பு வெந்துவிடும், சோப்பு நுரைக்கும், நாக்கு நல்லதண்ணீர் என்றே சொல்லும். காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். எங்கள் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்திருந்த அத்தனை சோதனைகளும் இந்த ஒன்றின்முன் கைவிரித்துவிட்டன.

2013-இல் ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டு, காவிரி மலையேறி இந்த இரு மாவட்டங்களுக்கும் வந்தது. ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகளுக்காக ஓர் ஆறு குழாயில் வந்ததை நான் பெரிய நியாயமாகவே நினைக்கிறேன்.

மத்திகிரி இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. குழாயில் நீர் வராத நாட்களில் போரும் லாரியும் கேனும்தான் துணை. அவற்றை இன்னமும் கண்ணாலும் நாக்காலும்தான் சோதிக்கிறோம். ஒவ்வொரு போருக்கும் நீர்ப் பரிசோதனை நடக்கவேண்டும். கடினத்தன்மையும் ஃபுளோரைடும் எவ்வளவு என்பதை அங்கன்வாடிச் சுவரிலும் குழாயடியிலும் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் எழுதிவைக்கவேண்டும். எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை குடிக்கும் தண்ணீர் அதன் ஆயுள் முழுக்கப் பல்லில் நிற்கிறது. அதைக் குடத்தில் பிடிக்கும் முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு.