கான்டெஸ்ஸாவுக்கு ஒரு ஏசி சட்டம்

கான்டெஸ்ஸா கார் உற்பத்தி 2002-லேயே நின்றுவிட்டது. டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் இடத்துச் சட்டம் உடைந்துபோனால், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தாலும் நல்லதாக ஒன்று கிடைப்பது அரிது. நாமே வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

உடைந்த துண்டுகளை ஒட்டி, பட்டி வைத்துத் தேய்த்து, முதலில் மூலத்தைச் சரியாக்க வேண்டும். நேரமெல்லாம் இங்கேதான் போகும், போகட்டும். அதன் மேல் ஊற்றி எடுக்கும் சிலிகோன் ரப்பர் அச்சு ஒரு கைரேகையைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். மூலத்தில் இருக்கும் கீறல் வார்ப்பிலும் வரும்.

பாலியூரித்தேன் ரெசினை அச்சின் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய தாரையாக ஊற்றினால் காற்றுக்குமிழி குறையும். வெப்பம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். வார்ப்பதற்குப் பதில் 3டி பிரிண்டரில் எடுப்பதானால், பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். ஏபிஎஸ் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

பிறகு 180, 320, 600 என்று உப்புத்தாள். அடுத்து பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவித் தேய்த்துப் பாருங்கள், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். கண் ஏமாறலாம், இது ஏமாறாது.

கடைசிப் பூச்சு மேட்டாகவே இருக்கட்டும். பளபளப்பான டேஷ்போர்டு மதிய வெயிலில் முன் கண்ணாடியில் பிரதிபலித்து, ஓட்டுபவர் பார்வையை மறைக்கும்.